பிடிமாடு

சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ என்ற ஜல்லிக்கட்டுக் குறுநாவலை இந்தத் தை மாதம் மூன்றாவது முறையாக வாசித்து முடித்தேன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்து பிரித்தால், வத்தலக்குண்டில் இறங்குவதற்குள் கடைசிப் பக்கம் வந்துவிடும். அவ்வளவு சிறிய புத்தகம். வத்தலக்குண்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1912இல் பிறந்த செல்லப்பாவுக்கு அதுதான் ஊர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி. ஆர். ராஜமையரும், பி. எஸ். ராமையாவும் அதே ஊர்க்காரர்கள். அன்றைய மதுரை ஜில்லாவின் மலையடிவாரத்து ஊர் ஒன்று தமிழ் உரைநடைக்கு இத்தனை பேரைக் கொடுத்தது எப்படி என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே அதற்குள் போகவில்லை.

முதல் முறை வாசித்தது கல்லூரியில், தேர்வுக்காக. கதைநாயகன் பிச்சியின் பாத்திரப் படைப்பை ஆராயச் சொன்ன கேள்விக்கு, தந்தையைக் கொன்ற காளையைப் பழிவாங்க வந்த மகன் என்று எழுதி, ‘பழி’ என்ற சொல்லுக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் கோடும் போட்டு, நல்ல மதிப்பெண் வாங்கினேன். இரண்டாம் முறை வாசித்தது 2017 ஜனவரியில், மதுரை தமுக்கம் மைதானத்தில் மாணவர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில். உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்கு விதித்த தடை நீங்க வேண்டும் என்று ஊரே திரண்டிருந்த நேரம்; வைகைப் பாலத்தின் மேல் ரயில் மறிக்கப்பட்டு நின்றது. அந்தச் சூட்டில் வாசித்தபோது வீரமும் மண்ணும் மட்டுமே கண்ணில் பட்டன. கடைசிப் பக்கங்களை வேகமாகத் தாண்டிப் போய்விட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. இந்த முறை அந்தக் கடைசிப் பக்கங்களுக்காகவே புத்தகத்தைக் கையில் எடுத்தேன். ஜமீன்தார் தம்முடைய சொந்தக் காளையை ஏன் சுடுகிறார்? அதற்கு விடை தேடிப் போனால், பிச்சியைப் பற்றி நான் தேர்வில் எழுதியதும் தவறு என்று ஆகிறது.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியபட்டியில் செல்லாயி ஜல்லிக்கட்டு நடக்கிறது. கிழக்கேயிருந்து பிச்சியும் அவன் மச்சான் மருதனும் வந்து, காளைகள் களத்துக்குள் வரும் வாடிவாசல் அருகே நிற்கிறார்கள். உள்ளூர்க்காரர்களின் வாயில் அவர்கள் ‘கிழக்கத்தியான்’கள். ஆயுள் முழுவதும் மாடுகளைப் பார்த்தே பழுத்த கிழவன் ஒருவன் அவர்களுக்குப் பேச்சுக் கொடுக்கிறான். அந்தப் பேச்சில் அம்புலியின் பெயர் வருகிறது. அம்புலி பேர்போன மாடுபிடிக்காரன், வாடிபுரம் ஜமீன்தாரின் காரிக் காளையிடம் குத்துப்பட்டு மாண்டவன், பிச்சியின் தகப்பன். வேறு காளைகளை அணைந்து தன் கைவரிசையைக் காட்டிய பிறகு பிச்சி காரிக்கு எதிரே நிற்கிறான். அதை அணைகிறான், அடக்குகிறான், குத்தும் வாங்கிக்கொள்கிறான். ஜமீன்தார் அவனைப் பாராட்டிப் பரிசளிக்கிறார். பிறகு, ஆற்று மணலில் வெறிகொண்டு நிற்கும் காரியிடம் போய் அதைச் சுட்டு வீழ்த்துகிறார். எல்லாம் ஒரே நாளின் ஒரு பொழுதுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

பழிவாங்க வருகிறவனிடம் எதிரியின் மேல் வெறுப்பு இருக்க வேண்டும். பிச்சியிடம் அந்த வெறுப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவன் காரியைப் பார்ப்பது தட்டான் பொன்னைப் பார்ப்பது போலத்தான். எடை என்ன, உரம் என்ன, எந்தப் பக்கம் தலையைத் திருப்பும், எந்தக் காலை ஊன்றிப் பாயும் என்ற கணக்குதான் அவன் கண்ணில் ஓடுகிறது. அதைவிட முக்கியமாக, அவன் தேர்ந்துகொண்ட களத்தின் சட்டமே பழிவாங்கலுக்கு இடம் தருவதில்லை. கையில் ஆயுதம் கூடாது. திமிலை அணைந்து மூன்று துள்ளல் தாங்கினால் மாடு பிடிபட்டதாகப் பொருள். அதன் பிறகு விட்டுவிட வேண்டும். அதாவது, தகப்பனின் உயிரைக் குடித்த மிருகத்துக்கு மகன் செய்யக்கூடிய அதிகபட்சக் கெடுதல், அது மூன்று முறை துள்ளி முடியும் வரையில் அதன் திமிலோடு ஒட்டிக்கொண்டிருப்பது. அதற்குப் பிறகு அந்த மாடு உயிரோடு வீட்டுக்குப் போகும், அடுத்த ஆண்டும் வாடிக்கு வரும். உண்மையில் காரியின் சாவுதான் வேண்டும் என்றால், வாடிபுரத்துக் கொட்டிலில் ஓர் இரவு விஷம் வைப்பது பிச்சிக்கு இதைவிட எளிது.

அவனைக் களத்துக்குக் கொண்டுவருவதற்குப் ‘பழி’யைவிடக் ‘கடன்’ பொருத்தமான சொல் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் பக்கத்தில் தகப்பன் விட்டுப்போன கடனை மகன் அடைப்பது சட்டத்தால் வருவதல்ல, முகத்தால் வருவது. ‘இன்னார் மகன்’ என்று நாலு பேர் சொல்லும்போது அந்தப் பெயரின் பின்னால் பாக்கி எதுவும் நிற்கக் கூடாது. அம்புலி எத்தனையோ காளைகளை அணைந்தவன். ஆனால் களத்தின் ஞாபகம் கொடுமையானது. ஒருவன் பிடித்த நூறு மாடுகளைவிட அவனைப் பிடித்த ஒரு மாட்டைத்தான் அது கடைசியில் வைத்துப் பேசும். கிழவனின் பேச்சும் அப்படித்தான் போகிறது. அம்புலியின் கதையில் கடைசி வரியைக் காரி எழுதிவிட்டது. மகன் வந்தது அந்த வரிக்குப் பின்னால் இன்னொரு வரி சேர்ப்பதற்கு. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டு பெற்று வளர்ப்பதைத் தாயின் கடன் என்று தொடங்கி, தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களைச் சொல்லி, ‘களிறு எறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே’ என்று முடிகிறது. அங்கே காளை என்றால் இளைஞன். வாடிவாசலில் அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் நேருக்கு நேர் நிற்கின்றன. இரண்டு காளைகளுக்கும் கடன் இருக்கிறது, ஒன்றுக்குத்தான் அது தெரியும்.

பழைய இலக்கியத்தில் ஏறு தழுவுகிறவனுக்கு வேறொரு தூண்டுதல் இருந்தது. கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயமகள் மறுபிறவியிலும் தழுவ மாட்டாள் என்கிறது கலித்தொகை. அதன் முல்லைக்கலிப் பகுதியில் தொழுவைச் சுற்றிப் பெண்கள் நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், தேர்ந்துகொள்கிறார்கள். நம் சினிமாவும் அந்தப் பழைய பரிசை விடாமல் பிடித்துக்கொண்டது. செல்லப்பா அதை முற்றிலுமாக நீக்கிவிட்டார். அவருடைய கதையின் நடப்பில் பெண்களுக்கு இடமே இல்லை. திருவிழாவின் பெயரில் இருக்கும் செல்லாயி ஒருத்திதான். இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இது கதையின் உறுதியாகப் படுகிறது. பரிசு என்று கையில் எடுத்துப் போக எதுவும் இல்லாத இடத்தில்தான் ஒருவன் ஏன் சாவதற்குத் துணிகிறான் என்பது துலக்கமாகத் தெரியும்.

இனி காளை. மனிதர்களுக்கு இது விளையாட்டு, மாட்டுக்கு இது விளையாட்டு என்று தெரியாது என்ற எண்ணம் கதையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு எண்ணத்தை நீக்கிவிட்டால் ‘வாடிவாசல்’ வெறும் வீரக்கதையாகிவிடும். இதன் கனம் எனக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் தெரிந்ததல்ல என்பதால், சற்று விலகிச் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலமேட்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில் என் தாய்மாமன் ஒரு காளை வளர்த்தார். தடை வந்த 2014இல் கன்றாக வாங்கிய மயிலை. தடை இருந்த மூன்று பொங்கலுக்கும் அது கொட்டிலிலேயே நின்றது. சும்மா நிற்கிற மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் உளுந்தங்குருணையும் எதற்கு என்று அத்தை கேட்காத நாள் இல்லை. மாமா காலையில் அதைக் கண்மாயில் நீந்த விடுவார். சாயங்காலம் கொட்டிலுக்குப் பின்னால் குவித்து நனைத்து வைத்திருக்கும் செம்மண்ணில் குத்த விடுவார். அது முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு, மூச்சுச் சீற, கொம்பை மண்ணுக்குள் இறக்கித் திருகித் தூக்கும்போது மண்கட்டிகள் ஓட்டின் மேல் வந்து விழும். அந்த நேரத்தில் மாமாவே பக்கத்தில் போக மாட்டார். ஆனால் அம்மாச்சி கழுநீர் வாளியோடு அந்தப் பக்கம் வந்தால் அது தலையை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நிற்கும். அவர் ஈரத் துண்டை எடுத்துக் கொம்பின் அடியில் அப்பியிருக்கும் மண்ணையும் காதுக்குள் போன தூசியையும் துடைத்துவிடுவார். அது கண்ணை மூடிக்கொள்ளும். தனக்குப் பயிற்சி தரப்படுகிறது என்று அதற்குத் தெரியாது. மண்ணைக் கண்டால் குத்த வேண்டும், அம்மாச்சியைக் கண்டால் நிற்க வேண்டும், இரண்டும் அதற்கு ஒரே மாதிரியான உண்மைகள்.

காரியைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூடிய கண்தான் ஞாபகத்துக்கு வருகிறது. செல்லப்பா காரியை ஓர் எமனாகவே களத்தில் இறக்குகிறார். அது வரப்போகிறது என்ற பேச்சே கூட்டத்தின் மூச்சை மாற்றுகிறது. ஆனால் அந்தப் பயங்கரம் முழுக்க மனிதர்கள் அதன் மேல் ஏற்றி வைத்தது. பெயரைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு நிறத்தை வைத்துத்தான் பெயர். சாம்பல் பூத்த வெள்ளைக்கு மயிலை, செம்மைக்குச் செவலை, கறுப்புக்குக் காரி. அதனால் ‘வாடிபுரம் காரி’ என்பதில் மாட்டுக்கென்று தனிப்பெயர் ஒன்றும் இல்லை. ஜமீனின் ஊரும் தோலின் நிறமும்தான் இருக்கின்றன. இன்றைக்கும் வாடியில் மைக்கைப் பிடித்திருப்பவர் இன்னாருடைய மாடு என்று உரிமையாளரின் பெயரைத்தான் உரக்கச் சொல்கிறார். அப்படியென்றால் திமிலை அணைகிறவனின் கை எதன் மேல் விழுகிறது என்பது கூட்டத்துக்குத் தெரியும், ஜமீன்தாருக்கும் தெரியும்.

ஜமீன்தார் பாத்திரத்தை முரடனாகப் படைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். செல்லப்பா அப்படிச் செய்யவில்லை. இந்த ஜமீன்தார் மாட்டின் தரமும் மாடுபிடிக்காரனின் தரமும் அறிந்தவர். களத்தின் நியாயத்தை மீறாதவர். பிச்சி அணைந்தது சுத்தமான அணைதல் என்று அவருக்குத் தெரிகிறது. அதனால் ஊர் முன்னால் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: சிரித்த முகத்தோடு பரிசு கொடுப்பது. இந்தப் பரிசளிப்பைக் கதையின் மிக இறுக்கமான இடமாக நான் இப்போது வாசிக்கிறேன். பிச்சியின் ரோசத்துக்குக் களம் இருக்கிறது, ஓடி வந்து பாய்ந்து தீர்த்துக்கொள்ளலாம். காரியின் ரோசத்துக்குக் கொம்பு இருக்கிறது. ஜமீன்தாருடைய ரோசத்துக்கு இந்த இரண்டும் கிடையாது. அவர் அந்தஸ்து அதை வெளியே காட்ட விடாது. கோபப்பட்டால் சிறுமை, பிச்சியைத் தண்டித்தால் அதைவிடச் சிறுமை. நோட்டை நீட்டுகிற அந்தக் கைக்குள்ளேதான் துப்பாக்கி பிடிக்கப்போகிற விரல்களும் இருக்கின்றன.

தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரோடு இதைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடினேன். ஜமீன்தார் சுட்டது வெட்கத்தால் அல்ல, பொறுப்பால் என்பது அவர் கட்சி. காரி ஆற்றுப்பக்கம் வெறிபிடித்து நின்று கண்டவரையும் குத்தத் தொடங்கிவிட்டது. அதைக் கட்டக்கூடியவர் யாரும் இல்லை. உயிர்ச்சேதத்தைத் தடுக்க உரிமையாளர்தான் துணிய வேண்டும். கதையில் அதற்கு ஆதாரம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் இந்தக் காரணம் ஜமீன்தாருக்கு எவ்வளவு வசதியாக வந்து சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றேன். காரி பிடிபடாமல் அதே வெறியோடு ஆற்றுப்பக்கம் போயிருந்தால், அதே கொம்புகள் இரண்டு பேரைக் குத்தியிருந்தால், அவர் சுட்டிருப்பாரா? நண்பர் கொஞ்ச நேரம் காபி டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு, ஆள் விட்டுக் கயிறு போடச் சொல்லியிருப்பார் என்று ஒப்புக்கொண்டார். அம்புலி மாண்ட பிறகு காரியின் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆளைக் கொன்றபோது அது ஜமீனின் பெருமை. ஆளிடம் பிடிபட்டபோது அது ஜமீனின் காயம்.

பிடிபடுவதற்கு முன்னால் யாருக்கும் எட்டாததாக இருந்த ஒன்று, பிடிபட்ட பிறகு கொட்டிலில் நிற்கிற இன்னொரு மாடு. அந்த மாற்றத்தை ஜமீன்தாரால் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. அதையும் மனதில் வைத்துக்கொண்டு இன்று வாசிக்கும்போது, வெளியூர்க்காரன் ஒருவனின் கை திமிலில் விழுந்த அந்தக் கணத்திலேயே வேறொன்றும் சரியத் தொடங்குவதாகத் தோன்றுகிறது. செல்லப்பா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததற்கு நன்றி.

குறியீடுகள் என்று கல்லூரியில் எங்களைத் தேடச் சொன்னபோது கொம்பையும் இரத்தத்தையும் எழுதினோம். கதையின் நிலவமைப்பைப் பார்க்கத் தவறிவிட்டோம். வாடிவாசல் குறுகலானது, அதன் வழியாக ஒரு நேரத்தில் ஒரு மாடுதான் வரும். அந்த இடுக்கில்தான் சட்டம், பார்வையாளர், பரிசு, பேர் எல்லாம் இருக்கின்றன. ஆறு அகன்றது, அங்கே எந்தச் சட்டமும் இல்லை, எந்த மாடுபிடிக்காரனும் வரமாட்டான். வாடிவாசலில் தொடங்கி ஆற்று மணலில் முடிகிற கதை, விளையாட்டு என்று மனிதர்கள் கட்டிய இடுக்கிலிருந்து விளையாட்டே இல்லாத வெளிக்கு ஒரு மிருகத்தைத் துரத்திக்கொண்டு போகிறது. காரி மனிதர்களிடமிருந்து தப்பி வந்து நிற்கிற இடத்தில்தான் மனிதன் அதைக் கொல்கிறான். பாலமேட்டில் இதை இன்றைக்கும் கண்ணால் பார்க்கலாம். அங்கே களமே மஞ்சமலை ஆற்றை ஒட்டியது. முதலில் கோயில் காளை வரும், அதை யாரும் தொடமாட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள். தென்னை நார்த்தூள் பரப்பிய களத்தைத் தாண்டிவிட்ட மாடு, கூட்டத்தின் இரைச்சல் மெல்ல அடங்குகிற இடத்துக்கு வந்து, திசை தெரியாமல் நிற்கும். ‘கலெக்‌ஷன் பாயிண்ட்’ என்று இப்போது அதற்குப் பெயர். உரிமையாளர்கள் கையில் கயிற்றோடு அங்கே காத்திருப்பார்கள். டி.வி. கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

கிழவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் எதையும் செய்வதில்லை. பார்க்கிறான், ஞாபகம் வைத்திருக்கிறான், பேசுகிறான். மதுரைப் பக்கத்துப் பேச்சுத்தமிழ் இவ்வளவு மிடுக்கோடு அச்சில் ஏறிய இடங்கள் குறைவு. இளைஞர்களை உசுப்பிவிடுகிறவனும் அவன்தான், எச்சரிக்கிறவனும் அவன்தான். ஊர்க்களத்தில் இந்த மாதிரிக் கிழவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் தூண்டுகிறார்களா தடுக்கிறார்களா என்று அவர்களுக்கே தெரியாது. மிருகத்துக்கானாலும் மனிதனுக்கானாலும் ரோசம் வந்துவிட்டால் விபரீதம்தான், என்ன இருந்தாலும் அது மிருகந்தானே என்கிற தொனியில் கதை முடிகிறது. அந்த ‘மிருகந்தானே’ யாரைக் குறிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தேகம் வருகிறது. மணலில் கிடப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவதும் எளிதுதான்.

குறையும் ஒன்று உண்டு. இந்தக் களத்தில் யார் இறங்கலாம், யார் ஓரத்தில் நிற்க மட்டுமே முடியும் என்பதைக் கதை கேட்பதே இல்லை. ஊர்ப் பெருமை, திசைப் பெருமை, ஜமீன் பெருமை மூன்றையும் இவ்வளவு நுட்பமாக எடைபோட்ட கண்ணுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, ஒரு படைப்பை அதன் சொற்களுக்குள் நின்று துருவிப் பார்க்க வேண்டும் என்று ‘அலசல்’ விமர்சனத்தை வற்புறுத்தியவர் செல்லப்பா. பை நிறையப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவர். அவருடைய அளவுகோலால் அவரையே அளந்தால், சொல்லாமல் விட்டதால் நிமிர்ந்த இடங்களோடு சொல்லாமல் விட்டதால் குறுகிய இடமும் தெரிகிறது.

நண்பரிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. ஜமீன்தாரின் மனதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் கற்கவில்லை.

2018 தையில் மாமாவின் மயிலை அவிழ்க்கப்பட்ட இரண்டு வாடியிலும் பிடிபடவில்லை. இரண்டு வாடியிலும் பரிசாக வந்த அண்டாக்களை அத்தை இன்னும் புழங்குகிறார். ஊரில் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மாட்டுக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். 2019 தை மாதம் 2ஆம் தேதி பாலமேட்டில், மாடு வாடிக்குள் போனதும் அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு கலெக்‌ஷன் பாயிண்டுக்கு வந்துவிட்டார். நானும் கூட இருந்தேன். அங்கிருந்து களம் தெரியாது. மைக் சத்தம் மட்டும்தான் கேட்கும். மாமாவின் பெயரையும் ஊரையும் சொன்னார்கள், தொட்டுப் பார் என்றார்கள், பிறகு சில விநாடிகள் வெறும் இரைச்சல். அதன் பிறகு, ‘மாடு பிடிமாடு!’ மாமா கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மயிலை வந்தது. எப்போதும் பாய்ந்து வருகிற மாடு அன்று நடந்து வந்தது என்பது உண்மையா, எனக்கு அப்படித் தோன்றியதா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அதற்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை. மாமாவைப் பார்த்ததும் கழுத்தை நீட்டிக்கொடுத்தது.

திரும்பும் வழியில் மாமா குட்டி யானை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், அந்த மாட்டை அணைந்த பையனைத் தேடிப் பிடித்தார். இருபது வயதுகூட இருக்காது. பனியன் கிழிந்து தோளில் நார்த்தூள் ஒட்டியிருந்தது. ‘நல்லா அணைஞ்சப்பா, சுத்தமான பிடி’ என்று சொல்லி அவன் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்தார். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார். வண்டிக்குத் திரும்பியதும், ‘மாடு மேல ஒரு தப்பும் இல்ல மாப்ள’ என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். நான்காம் நாள் விடிவதற்கு முன்னால் ஒரு மாட்டுத் தரகர் வந்து மயிலையை ஏற்றிக்கொண்டு போனார். என்ன விலை, எந்தச் சந்தை, அங்கிருந்து எங்கே என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. அம்மாச்சிக்கு முன்கூட்டியே சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. முதல் நாள் ராத்திரி வழக்கம் போல் அம்மாச்சி ஊறவைத்திருந்த பருத்திக்கொட்டை, காலையில் வாளியில் உப்பிப் போய் நின்றது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு கொட்டில் வரையில் போய், வெறும் முளைக்குச்சியைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் பக்கத்து வீட்டுக் கறவை மாட்டின் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார்.